ஈரப்பிலாக்காய்ப் பந்தி

1. வந்து இறங்கியது

“…அதனாலதான் சார் சொல்றேன், ராஜாக்கள் எல்லாம் கோடு போட்டாங்க, யாத்திரை போனவன் காலாலயே அதை அழிச்சுட்டான். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல எத்தனை ராஜ்யம்! நடந்தவனுக்கு இது வேற நாடுன்னு தோணிச்சா? தோணலையே! அந்த ஒருமை சாமி போட்ட தையல் சார். ஆட்சி போட்டதில்லை.”

பஸ்ஸின் படியில் ஒரு கால், எங்கள் முற்றத்தில் ஒரு கால் என்று நின்றபடி இதைச் சொன்னவர், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். நான் அவரிடம் கேட்டது, “எத்தனை பேருக்குச் சாப்பாடு, ஐயா?” என்பது மட்டுந்தான்.

திருகோணமலை நகரத்தில், கோணேசர் கோயிலுக்கு வருகிற யாத்திரிகர் தங்கும் விடுதி ஒன்றில் நான் சாப்பாட்டுப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

பேராசிரியரோடு வந்தவர்கள் இந்தியாவின் பல மாநிலத்தவர். கூடவே மூன்று சமையல்காரர். இப்படிக் குழுக்கள் தங்கள் சமையல்காரரைக் கூட்டி வருவது வழக்கம். நாங்கள் அடுப்பும் காஸும் கொடுப்போம். ஆனால் இவர்கள் மூன்று அடுப்பில் சமைத்து, மூன்று மூலையில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார்களாம். பேராசிரியர் என்னைக் குசினிப் பக்கம் இழுத்துப் போனார்.

“சார், ஒரே அண்டா, ஒரே பந்தி. எல்லாரும் ஒண்ணா உட்காரணும். கிளம்பும்போது வாக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு ஊர்லயும் தோத்துட்டேன். இதுதான் கடைசி ஊர், நாளைக்கு பிளைட். இங்கயும் முடியலேன்னா, இந்த ஒருமையைப் பத்தி இனி எந்த மேடையிலயும் பேச மாட்டேன்.”

எங்கள் தலைமைச் சமையல்காரி ரீட்டா தேங்காய் துருவிக்கொண்டே காதைக் கொடுத்திருந்தாள்.

“மேடையில பேசாம விட்டா நல்ல விசயம்தானே அண்ணை. ஏன் மறிப்பான்?” என்றாள் என்னிடம்.

பேராசிரியர் கோபிக்கவில்லை. சிரித்தார். பிறகு, “அம்மா, ஆன்மிகமா பார்த்தா உங்க கோணேசர்மலையும் அந்தத் தையல்லதான் வருது” என்றார்.

“நான் மாதா கோயில், ஐயா.”

“மாதாவும்தான்!”

“அப்ப எங்களைக் கேக்காமலே தைச்சுப் போட்டியள். சரி, மத்தியானத்துக்கு என்ன வேணும்?”

2. ஒரே அண்டா

ஒரே அண்டா என்றதும் நான் சாம்பார் சோறு என்றேன். பேராசிரியர் கூடத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். குஜராத்திக்காரருக்கு வெங்காயம், உள்ளிப்பூண்டு ஆகாது. சரி, அதை விட்டோம். திரும்பப் போய் வந்தார். சமணத் தம்பதி ஒன்று மண்ணுக்குள் விளைவது எதையும் தொடாது. உருளைக்கிழங்கும் கரட்டும் போயின. இன்னொரு முறை போய் வந்தார். அன்றைக்கு ஏகாதசியாம், பாதிப் பேருக்குச் சோறும் ஆகாது, பருப்பும் ஆகாது.

“அப்ப சாம்பார் சோத்தில என்ன மிச்சம்?” என்று ரீட்டா கேட்டாள்.

“புளி” என்றேன்.

வங்காளத்து அம்மா ஒருவர், மீன் இல்லாமல் பந்தி என்று சொல்வதே அவமானம் என்று கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்திய பேராசிரியர் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்: “சார், எனக்குத் தேங்காயெண்ணெய்ல பொரிச்சது மட்டும் வேண்டாம். தத்துவம் ஒண்ணும் இல்லை. வாயு.”

அந்த நேரம் பார்த்து, கிண்ணியாவிலிருந்து மரக்கறி கொண்டு வருகிற முஸ்லிம் வியாபாரி, எங்கள் நானா, பின்வாசலில் ஒரு சாக்கு ஈரப்பிலாக்காயை இறக்கினார். நானும் ரீட்டாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பலாக்காயின் தம்பி மாதிரி, மரத்தில் காய்ப்பது. தானியம் இல்லை, கிழங்கு இல்லை, பருப்பு இல்லை. ஒரு காயைக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். கையிலிருந்து கைக்கு மாறிச் சுற்றி வந்தது. மணந்து பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. தெரியாத சாமானுக்கு எந்த ஊரிலும் விலக்கு எழுதி வைக்கவில்லை! ஒருவர்கூட மறுக்கவில்லை.

“பாத்தீங்களா சார்! ஒருமை!” என்று பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஈரப்பிலாக்காயைத் தெரியாத ஆக்கள்” என்று ரீட்டா பெருமூச்சு விட்டாள். ஆனால் பெரிய கிடாரத்தை அவளே அடுப்பில் ஏற்றினாள்.

3. சம்பல்

அவித்த ஈரப்பிலாக்காயும் தேங்காய்ச் சம்பலும். வெங்காயம் போடாத சம்பல் என்று நான் ரீட்டாவுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். எல்லாரும் ஒரே வரிசையில் வாழையிலைக்கு முன்னால் இருந்தாயிற்று. பேராசிரியர் மைக்கைப் பிடித்துவிட்டார். சம்பல் சட்டியைத் தூக்கப் போன எனக்கு மூக்கில் ஏதோ பட்டது.

“ரீட்டா, இதுக்க மாசி போட்டனியோ?”

“ஓம். வெங்காயமும் இல்லாம மாசியும் இல்லாமச் சம்பலோ?”

“ஐயோ, சைவக்காரருக்கடி! மீன் போடலாமோ?”

“மீனோ? ஆர் மீன் போட்டது? அது மாசி.”

எங்கள் பக்கத்துக் குசினிகளில் மாசிக் கருவாட்டை மீன் என்று யார் நினைக்கிறார்கள்? உப்பு, மிளகாய்த்தூள் வைக்கிற தட்டில்தான் அதுவும் இருக்கும். சட்டியை அப்படியே பின்னுக்கு எடுத்து வைத்தேன். வேறு சம்பலுக்குத் துருவத் தேங்காயும் இல்லை. வெறும் ஈரப்பிலாக்காயும் உப்பும் பந்திக்குப் போயின.

கூடம் முழுக்க மென்றது. பிறகு குஜராத்திக்காரர் ஏதோ சொன்னார். சமணத் தம்பதி தலையாட்டியது. வங்காளத்து அம்மா கையை உதறினார். மூன்று சமையல்காரரும் முதல் தடவையாக ஒன்றாக எழும்பி, ரீட்டாவைக் காட்டி மூன்று பாஷையில் ஏசினார்கள். பாஷை தெரியாவிட்டாலும் எனக்கு முழுதும் விளங்கியது.

“ருசியே இல்லையாம் சார்” என்றார் பேராசிரியர். முகம் செத்திருந்தது.

அப்போதுதான் ஒரு கைப்பையிலிருந்து ஒரு ஊறுகாய்ப் போத்தல் வெளியே வந்தது. அடுத்த பையிலிருந்து இன்னொன்று. பிறகு ஒவ்வொரு பையிலிருந்தும் வந்தன: எலுமிச்சை, மாங்காய், நெல்லி, செத்தல் மிளகாய். வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டு வந்தவை. போத்தல்கள் வரிசை நெடுகக் கைமாறின. எதில் உள்ளி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நேரம் இல்லை, ஈரப்பிலாக்காய் ஆறுகிறது.

இந்தத் தொழிலில் நான் படித்தது இதுதான், பிள்ளைகளே. வேறுவேறு ஆட்களை ஒரு பந்தியில் இருத்துவதற்கு எல்லாருக்கும் பிடித்த சாப்பாட்டைத் தேடாதீர்கள், கிடைக்காது. எல்லாருக்கும் ஒரேயளவு பிடிக்காத ஒன்றை வையுங்கள். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் அது அத்தோடு முடியவில்லை. எந்த ஊறுகாய் சிறந்தது என்று வாய்த்தர்க்கம் கிளம்பியது. குரல் ஏறியது. ஒரு சமையல்காரர் இலையைத் தள்ளிவிட்டு எழும்பினார். கடைசியில் எல்லாரும் பேராசிரியர் பக்கம் திரும்பினார்கள். தீர்ப்பை அவர்தான் சொல்ல வேண்டுமாம். எந்தப் போத்தலைக் காட்டினாலும் பந்தி மூன்று மூலைக்குப் போய்விடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் மைக்கை அணைத்தார். வரிசையின் கடைசி இலையில் போய்ச் சம்மணம் கட்டி இருந்தார். எல்லாப் போத்தலையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு விரல் வழித்து, ஒரே ஈரப்பிலாக்காய்த் துண்டில் பூசிப் பிசைந்து, உருட்டி, முழுதாக வாய்க்குள் போட்டார். எழும்பின சமையல்காரரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். கண் சிவந்து, காது சிவந்து, நெற்றி வியர்த்தது. விழுங்கினார். தண்ணீர்க் கோப்பையை நீட்டிய என் கையைத் தள்ளிவிட்டு, ரீட்டாவைப் பார்த்து, இன்னொரு துண்டுக்கு இலையைக் காட்டினார்.