சிவப்பு ரிபன் ஒட்டிய தட்டு

சென்ட் லோரன்ட்டில் உள்ள எங்கள் வீட்டு வாசலில், சப்பாத்துகளுக்கு நடுவே, சனிக்கிழமைதோறும் ஒரு பிளாஸ்டிக் தட்டு கிடக்கும். சாப்பாட்டுத் தட்டு அல்ல, எறிகிற தட்டு. என் மகள் தர்ஷினி அதைக் காட்டுக்குக் கொண்டுபோய், மரங்களுக்கு இடையால் வீசி, தூரத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழுத்துகிறாள். டிஸ்க் கோல்ஃப் என்று இதற்குப் பெயராம். படித்த பிள்ளை பனிக்குள் தட்டெறியப் போகிறாளே என்று நானும் புறுபுறுத்துப் பார்த்தேன், கேட்டால்தானே. என்னையும் வரச்சொல்லி மூன்று வருடமாகக் கேட்டாள். முழங்கால் நோகிறது என்று சாட்டுச் சொன்னேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை, எனக்குக் காடு பயம். ஆனால் அடுத்த கிழமை அவள் வேலைக்காக வன்கூவர் போகிறாள். இனி எப்போது கேட்பாள்?

முதல் பனி விழுந்த சனிக்கிழமை போனேன். சும்மா சொல்லக்கூடாது, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மேப்பிள் மரங்கள் இலையெல்லாம் கொட்டி வானத்தை முட்டின. எங்கும் வெள்ளை, என் மூச்சே எனக்குக் கேட்டது. ஓர் ஆள் நுழைகிற இடைவெளிக்குள்ளால் தட்டு வளைந்து போய்ச் சங்கிலியில் சலாரென்று விழுந்தது. என் பிள்ளைக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று பெருமையாக இருந்தது.

ஏழாவது கூடைக்கு எறிந்த தட்டு மரத்தில் பட்டுப் பற்றைக்குள் போய்ப் பனியில் புதைந்தது. அதில் ஒட்டிய சிவப்பு ரிபன் மட்டும் வெளியே தெரிந்தது. தேடி எடுக்க லேசாக இருக்கட்டும் என்று பனிக்காலத்தில் இங்கே அப்படி ஒட்டுவார்கள். தர்ஷினி பாதையை விட்டு இறங்கிப் போய்க் குனிந்தாள்.

“தொடாத மனே! மிதிவெடி! அதிலயே நில்லு!” என்று மகளைப் பார்த்து ஊர்ப்பேச்சில் கத்தினேன்.

சண்டை ஓய்ந்த சமாதான காலத்தில் நாங்கள் எங்கள் ஊர் வாகரைக்குத் திரும்பியபோது, ரோட்டின் இரண்டு கரையிலும் சிவப்பு நாடா கட்டியிருந்தது. அதைத் தாண்டக்கூடாது. வட்டமாக எது கிடந்தாலும் தொடக்கூடாது. கட்டாயம் இறங்கத்தான் வேண்டுமென்றால், முன்னால் போனவனின் காலடியிலேயே காலை வைக்கவேண்டும். நாடா இல்லாத இடம்தானே என்று என் தம்பி விறகுக்கு இரண்டடி உள்ளே போனான். ஒரு காலோடுதான் அவனைத் தூக்கிவந்தோம். இங்கே பிறந்த மகளிடம் அதை அக்சிடன்ட் என்றே சொல்லி வளர்த்தோம்.

பின்னால் வந்த ஒரு கிழவர், நான் விறைத்து நிற்பதைக் கண்டு, முழங்கால் பிடித்துவிட்டதா என்று பிரெஞ்சில் கேட்டுத் தன் கைத்தடியை நீட்டினார். நல்ல மனுசன். மெர்சி என்று நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன். தர்ஷினி நின்ற இடத்தைவிட்டு அசையவேயில்லை.

“சித்தப்பாட கால்... அது அக்சிடன்ட் இல்லையாப்பா?”

இல்லையென்று தலையாட்டினேன். தன் காலடியிலிருந்த பனியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“இங்க மண்ணுக்குள்ள ஒண்டும் இல்லப்பா. வாங்க.”

எனக்கும் தெரியும். இங்கே வந்த நாளிலிருந்து தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை. ஒரு கால் பாதையில் நிற்க, மற்றதைத் தூக்கிப் பனியில் பதிந்திருந்த அவளின் காலடிக்குள் வைத்தேன். என் சப்பாத்து அதற்குள் அடங்கவில்லை. அடுத்ததையும் அப்படியே வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த கூடையை நோக்கி எனக்கு முன்னால் நடந்தாள். ஒவ்வோர் அடியையும் எனக்கு எட்டும்படி கிட்டக் கிட்ட, அழுத்தி வைத்தாள்.