ஜீப்பில் பூட்டிய வயர்லெஸ்

வயர்லெஸ் வருவதற்கு முன்னால் அந்த ஜீப் என்னுடையது மாதிரிதான். பெயருக்குத்தான் காண்டிராக்டர் முதலாளி. மலை ஏறிவிட்டால் அது எங்கே நிற்கிறது, யாரை ஏற்றுகிறது, எந்த டீக்கடை வாசலில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏழாம் வகுப்போடு சித்தூர்ப் பக்கத்து ஊரை விட்டுக் கிளம்பியவன் நான். வீட்டில் நிலம் இருந்தது. ஒரே வயலில் நாளெல்லாம் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. லாரிக்குக் கிளீனராக இருந்தேன். வண்டன்மேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளினேன். சித்திரபுரத்துக் குவார்ட்டர்ஸ்களுக்கு மண்ணெண்ணெய் சுமந்தேன். எழுபதுகளின் நடுவில் குமுளிக்கு மேலே டவர் லைன் போடுகிற ஒரு காண்டிராக்டரிடம் டிரைவராகச் சேர்ந்தேன். அதுவரை எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருந்ததில்லை. இங்கேயும் இருக்கப் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இக்கரை முகட்டில் ஒரு டவர், பள்ளத்தைத் தாண்டி அக்கரை முகட்டில் இன்னொன்று. முதலில் ஒரு கயிற்றை இரண்டு டவரின் கப்பிகளிலும் கொடுத்து அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். பிறகு அதன் வாலில் கம்பியை முடிந்து, அக்கரையில் இருக்கிற விஞ்ச் இயந்திரத்தால் சுற்றி இழுப்பார்கள். இழு, நிறுத்து, தளர்த்து என்று சொல்வதற்கு ஆரம்பத்தில் விசில்தான். நீளமாக ஒன்று ஊதினால் இழு. நீளமாக இரண்டு ஊதினால் தளர்த்து. குட்டிக் குட்டியாக விடாமல் ஊதினால் நிறுத்து. சரிவில் ஆங்காங்கே ஆட்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒருவர் ஊதியதைக் கேட்டு அடுத்தவர் ஊத, அது பள்ளத்தில் இறங்கி அக்கரை ஏறும். இப்படி விசில் ஊதவே பாதி ஆட்கள் போய்விடுகிறார்கள் என்று முதலாளிக்கு வயிற்றெரிச்சல். எங்கெங்கோ அலைந்து அனுமதி வாங்கி, இரண்டு வயர்லெஸ் செட் கொண்டுவந்தார். ஒன்று என் ஜீப்புக்கு. இன்னொன்று அக்கரையில் நிற்கிற ஜீப்புக்கு.

பூட்டுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆள் வந்தார். டேஷ்போர்டுக்குக் கீழே, என் முழங்கால் இடிக்கிற இடத்தில், பெட்டியை வைத்து முடுக்கினார். பின் பம்பரில் தூண்டில் கம்பு மாதிரி ஓர் ஏரியல். அது உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் போல்ட்டைப் போட்டார். எஞ்சினை ஓடவிட்டதும் பெட்டிக்குள் வெட்டுக்கிளி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் வேகமாகக் கத்தியது. பிளக் ஒயர்களுக்குத் தொப்பி மாதிரி எதையோ மாட்டி அதை அடக்கினார். சுருள் ஒயரில் தொங்குகிற மைக்கைக் கையில் கொடுத்து, பக்கத்தில் இருக்கிற பொத்தானைக் காட்டினார். அழுத்தினால் நாம் பேசலாம். அப்போது காதில் ஒன்றும் விழாது. விட்டால் கேட்கலாம். ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தால் மற்றவர் என்ன கத்தினாலும் போய்ச் சேராது.

"இனி வண்டி ஓட்டறது உங்களுக்கு ரெண்டாவது வேலைங்க. இதுக்குப் பக்கத்துல குக்கியிருக்கறதுதான் மொதல் வேலை" என்றார் அவர்.

அப்படியே ஆயிற்று. காலையில் டவரடியில் ஜீப்பை நிறுத்தினால் பொழுது சாயும்வரை நான் அதற்குள்தான். மூத்திரத்துக்குப் போவதானால்கூட மேஸ்திரி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பனி இறங்கிவிட்டால் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கேன்வாஸ் கூரை சொட்டும். பெட்டி மட்டும் சீறிக்கொண்டிருக்கும். ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் பட்டினி கிடந்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் சாக்கைப் போர்த்திப் படுத்திருக்கிறேன். அதெல்லாம் எனக்குக் கஷ்டமாகத் தோன்றியதில்லை. இதுதான் தாங்கவில்லை.

டவர் ஏறுகிறவர்களில் கம்பத்துக்காரன் ஒருவன் இருந்தான். கேம்பில் நானும் அவனும் ஒரே அறை. கம்பி முடிந்த முடிச்சு கப்பியைத் தாண்டும்போது மேலே உட்கார்ந்து அதைக் கையால் வழிநடத்தி விடுவது அவன் வேலை. டவர் பக்கவாட்டில் நீட்டுகிற இரும்புக் கையோடு இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கப்பிக்கு நேர் மேலே குப்புறப் படுத்திருப்பான். இறங்கி வரும்போதெல்லாம் ஜீப்புக்குள் தலையை நீட்டி என்னைச் சீண்டுவான்.

"என்னா மாப்ள, மலை மலையா மேஞ்ச மாட்டக் கொண்டாந்து ஒயர்ல கட்டிப்புட்டாய்ங்களே."

"ஒயரே இல்லாம கட்டியிருக்கறானுக. அதனாலதான் எங்க அவுக்கறதுன்னு தெரியல" என்றேன்.

ஆயுத பூஜை முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கம்பம் பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அவனிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

பூஜையன்று எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தோம். ஸ்பானர், சங்கிலி, கப்பி, விஞ்ச், இரண்டு ஜீப், இரண்டு வயர்லெஸ். அக்கரை ஜீப்பின் டிரைவர் வண்டன்மேட்டுக்காரர்; பக்தி அதிகம். பெட்டிக்குப் பொட்டு வைத்ததோடு அவருக்குத் திருப்தி வரவில்லை. பேசுகிற வாய் மைக்தானே, அதற்கு வைக்காமல் எப்படி என்று, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மைக் முழுக்கப் பூசி, பொத்தானுக்கு நேரே குங்குமத்தையும் அழுத்தி வைத்தார். அடுத்து என் ஜீப்புக்கு வந்தபோது சந்தனக் கிண்ணம் காலி. எனக்குக் குங்குமம் மட்டும்தான் கிடைத்தது. பூஜைக்கு வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பதால் யாரும் எதையும் தொடவில்லை. துடைக்கவும் இல்லை.

விஜயதசமி காலை கெட்டியான பனி. நல்ல நாள், கொஞ்சமாவது வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்றார் மேஸ்திரி. கம்பத்துக்காரன் கையில் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினான். டவரின் பாதி உயரம்வரைதான் அவன் உருவம் தெரிந்தது. மேலே போய்க் குரல் கொடுத்தான். நான் மைக்கை அழுத்தி, இழுக்கலாம் என்றேன். "இழுக்குறோம்" என்று அக்கரை டிரைவரின் பதில் வந்தது.

பதில் சொல்லி முடித்ததும் பொத்தானை விட்டால் பெட்டியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அன்றைக்கு அது கேட்கவில்லை. விஞ்ச் ஓடுகிற சத்தம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஏதோ சொல்ல மறந்து அழுத்திப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மைக்கை ஸீட்டில் போட்டுவிட்டு, விஞ்ச் ஓட்டுகிற பெரியவரிடம் நேற்றைய சுண்டல் மிச்சம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் மேலேயிருந்து கம்பத்துக்காரன் கத்தினான். முடிச்சு கப்பிக்குள் நுழையாமல் குறுக்கே சிக்கிக்கொண்டது. அதைத் தள்ளிவிடப் போன கை, சாக்குத்துணியோடு கயிற்றுக்கும் கப்பிக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது. கயிறு இறுகிக்கொண்டே போனது. அவன் பெல்ட் மாட்டியிருந்த இரும்புக் கை முனகத் தொடங்கியது; அது வளைகிறது என்று மேஸ்திரி கீழேயிருந்து அலறினார். எங்கள் பக்கம் கயிற்றை எவ்வளவு விட்டாலும் பயன் இல்லை. முடிச்சு சிக்கியிருப்பது மேலே. வெட்டவும் முடியாது, அவ்வளவு முறுக்கத்தில் வெட்டினால் கயிறே அவனை அடித்து வீசிவிடும். அக்கரை நின்று, பிறகு தளர்த்த வேண்டும். வேறு வழி கிடையாது.

மைக்கை அழுத்தி, நிறுத்து நிறுத்து என்று கத்தினேன். விட்டேன். அதே விஞ்ச் சத்தம். மறுபடி கத்தினேன். பெட்டிக்குள் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, அங்கிட்டு இருந்து சத்தத்தையே காணோம்" என்றார் வண்டன்மேட்டுக்காரர்.

"எல்லாம் ஒழுங்கா போகுதுன்னு அர்த்தம். நிப்பாட்டணும்னா கத்த மாட்டானா?"

கத்திக்கொண்டுதான் இருந்தேன். அவர்கள் சுண்டல் மெல்லுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. மேஸ்திரி விசிலை எடுத்து ஊதினார். இடையில் நின்று வாங்கி ஊத ஆள் இல்லை. வயர்லெஸ் வந்ததும் எல்லோரையும் குழி வெட்ட அனுப்பியாயிற்று. ரோடு வழியாகச் சுற்றிப் போனால் அக்கரைக்கு ஒரு மணி நேரம் ஆகும். மேலே அவன் கத்துவது நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது.

என்ன செய்கிறேன் என்று தெரியாமலே ஹாரனை அழுத்தினேன். நீளமாக அடித்தேன். கையை எடுத்துச் சற்று நேரம் கழித்து அதே ஹாரன், கொசு ரீங்காரம் போல, என் முழங்காலருகே பெட்டிக்குள்ளிருந்து வந்தது. பள்ளத்தைத் தாண்டிப் போய், அக்கரை ஸீட்டில் கிடக்கிற மைக்கில் விழுந்து, என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. அங்கே போய்ச் சேருகிறது என்றால் அவர்கள் காதிலும் விழத்தான் வேண்டும்.

"யார்ரா அது, விஜயதசமியும் அதுவுமா?" என்றார் பெரியவர்.

"கம்பம் பஸ்ஸுண்ணே. வளைவுல மாடு நிக்கும்."

நீளமாக அடித்ததால் பஸ் என்று நினைத்துவிட்டார்கள். பழைய விசில் கணக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குட்டிக் குட்டியாக அடிக்க ஆரம்பித்தேன். நிறுத்தாமல் அடித்தேன். நான் அடித்த ஒவ்வொன்றும் பின்னாலேயே பெட்டிக்குள் வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் வண்டன்மேட்டுக்காரர், இப்போதெல்லாம் பஸ்காரர்களுக்கு ரொம்பத் திமிர் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"ஏய், செத்தப் பேசாம இரு" என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் விஞ்ச் சத்தமும் என் ஹாரனும் மட்டும். பிறகு, "பஸ்ஸு இல்லடா இது. நிப்பாட்டச் சொல்றாய்ங்க" என்றார்.

விஞ்ச் சத்தம் இறங்கி நின்றது. நான் ஒரு மூச்சு விட்டுவிட்டு, நீளமாக இரண்டு அடித்தேன். கியர் மாறுகிற சத்தம் கேட்டது. மேலே இரும்பு ஒரு தடவை முனகி அடங்கியது. மேஸ்திரியும் இரண்டு பேரும் டவரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாரனில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவன் கை வெளியே வந்துவிட்டதா என்று யாராவது சொல்லும்வரை நான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது.

தோளில் கட்டி இறக்கினார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் சாக்குத்துணியிலேயே இருந்துவிட்டன. அவனை ஜீப்பில் கிடத்திக் கம்பத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழி நெடுக, முழங்காலருகே, அந்த வண்டன்மேட்டுக்காரர் காய்ந்த சந்தனத்தில் ஒட்டிக்கொண்ட பொத்தானை நகத்தால் சுரண்டுகிற சத்தமும், "முருகா, முருகா" என்று அவர் அழுகிற சத்தமும் வந்துகொண்டே இருந்தன. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. குமுளி தாண்டி மலைச்சாலையில் முதல் வளைவு திரும்பியதும் குரல் அறுந்தது.

நான் எந்த ஊருக்கு ஓடிப்போக நினைத்திருந்தேனோ அதே ஊர். ஆஸ்பத்திரிக்கு நாலு தெரு தள்ளி பஸ் ஸ்டாண்ட். அவன் வீட்டாரைக் கூப்பிட்டு வந்து உட்கார வைத்துவிட்டு, ஜீப்பைத் திருப்பிக்கொண்டு மேலே வந்தேன். வண்டியை விட்டுவிட்டுப் போக முடியாது. பெட்டி அதற்குள் இருந்தது.

கார்த்திகை கழிந்து அவன் கட்டு இல்லாமல் வந்தான். கீழே இருந்து பொருள்கள் எடுத்துக் கொடுக்கிற வேலை தருவதாக மேஸ்திரி சொன்னார். அவன் கேட்கவில்லை, டவர் ஏறுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது. வேறு காண்டிராக்டரிடம் போனால் இந்தக் கையைப் பார்த்துவிட்டு யாரும் ஏற்ற மாட்டார்கள். அதற்குள் நான் மேஸ்திரியிடம் கணக்கை முடிக்கச் சொல்லியிருந்தேன். அது அவன் காதுக்குப் போய்விட்டது. ஜீப்புக்குள் தலையை நீட்டினான்.

"நீ போகப் போறியாமே?"

ஆமாம் என்றேன்.

"சரி. போ. நானும் ஊருக்குப் போயிர்றேன்."

"உன்னை யாரு போகச் சொன்னது?"

"இதுக்குள்ள நீ உக்காந்திருந்தா ஏறுவேன். வேற எவன் உக்காந்தாலும் ஏற மாட்டேன். அவ்வளவுதான் மாப்ள." சீண்டுகிற தொனி இல்லை. மூன்று விரல் கையால் ஜீப்பின் ஓரத்தைப் பிடித்திருந்தான்.

அந்த லைன் முடிகிறவரை இருந்தேன். அதற்குப் பிறகு அடுத்த லைனுக்கும். என் வாழ்க்கையில் ஓர் இடத்தில் அவ்வளவு காலம் இருந்தது அங்கேதான். தினமும் காலையில், அக்கரை டிரைவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்வார். நான் ஹாரனை ஒரு தடவை அடிப்பேன். அவன் டவரடியில், ஏறுகிற முதல் படிக்கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நிற்பான். ஹாரன் பள்ளத்தைக் கடந்து போய்ப் பெட்டி வழியாகத் திரும்பி வரும். வந்துவிட்டது என்று நான் தலையை ஆட்டுவேன். அதற்குப் பிறகுதான் ஏறுவான். அவன் பனிக்குள் மறைந்ததும் நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சீறுகிற பெட்டியின் பக்கம் காதைத் திருப்பிக்கொள்வேன்.