இழுத்துப்பாத்தான் செய்த வைஸ்

பூட்டின பூட்டை ஒருதடவை இழுத்துப் பார்ப்பது மனுஷ இயல்பு. இவர் இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், பாதியில் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அதனால் வெல்டிங் பட்டறைக்காரர் என்று கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. இழுத்துப்பாத்தான் என்றால் கடைசி வீட்டுக் குழந்தைகூட வழி காட்டும். தன்னைப் பற்றி ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று அவருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அந்த ஒரு சந்தேகம் மட்டும் சரி.

பட்டறையில் அவரோடு வேலை பார்த்தது தங்கச்சி புருஷன். பொழுதுக்கும் நாலு வார்த்தை பேசாத ஆள். வாயைத் திறந்தாலாவது மனசில் இருப்பது தெரியும், இந்த ஊமைக்கோட்டானை எப்படி நம்புவது என்பது இவர் கட்சி. பட்டறையின் இன்னொரு சாவி வேறு மாப்பிள்ளையிடம்தான் இருந்தது. மனைவி நச்சரித்ததால் கொடுத்தது.

ஒருநாள் காலை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பழைய வைஸின் தாடை ஓரம் விண்டு கிடந்தது.

"மாப்பிள்ளை, இது எப்படி ஆச்சு?"

"தெரியலையே மச்சான். முன்னாடியே இருந்திருக்கும்."

போதாதா? இவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நான் வீட்டுக்குப் போனதும் இவன் தனியாக வேலை பிடித்துச் செய்கிறான், என் வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருத்தராக வளைத்துக்கொண்டு எதிரிலேயே கடை போடப் போகிறான் என்று முடிவே கட்டிவிட்டார்.

"சும்மா இருக்கிறவரை ஏங்க நோண்டுறீங்க? உங்க தங்கச்சி வாழ வேண்டாமா?" என்றாள் மனைவி. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

புது வைஸ் வாங்கவில்லை. தானே செய்தார். கனத்த இரும்புச் சேனலை வெட்டி ஒட்டி உடம்பு, பழைய லாரியின் வில் பட்டையை அறுத்துத் தாடை. தாடையின் பல்லைக்கூட அரத்தால் ஒவ்வொன்றாகக் கீறினார். திருகுக் கம்பியை மட்டும் லேத்துக்காரரிடம் கடையக் கொடுத்தார். அங்கேதான் தன் புத்தியைக் காட்டினார். திருகின் மரையை இடது பக்கமாக ஓடும்படி வெட்டச் சொன்னார்.

"இடது மரையா? வைஸுக்கா? கழட்டணும்னா வலது பக்கம் திருப்பணுமே. எவன் கை அப்படிப் போகும்?"

"எனக்கு இடது கைதான் வாக்கு" என்றார், வலது கையால் கம்பியைக் கொடுத்துக்கொண்டே. லேத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கடைந்து கொடுத்தார்.

கணக்கு இதுதான். தெரியாதவன் இதைக் கழட்டப் போனால் இறுகும். பகலில் மாப்பிள்ளையைப் பழைய வைஸிலேயே வைத்துக்கொண்டு இதைத் தொட விடவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு காகிதத் துண்டைத் தாடைக்கு நடுவில் கடிக்கவிட்டுப் போவார். காலையில் காகிதம் கீழே கிடந்தால் யாரோ கழட்டியிருக்கிறார்கள். கழட்டத் தெரிந்திருக்கிறது என்றால் பழகிய கை.

காகிதம் கீழே கிடந்தது. மறுநாளும் கிடந்தது. இந்த மாசக் கடைசியில் மாப்பிள்ளையைக் கிளம்பச் சொல்லிவிட வேண்டியதுதான். அதோடு தங்கச்சி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள் என்பதும் தெரியும். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் முடிவு முடிவுதான்.

அந்த வாரமே ஒரு இரும்பு கேட் வேலை வந்தது. சட்டத்தின் ஒரு முனையை வைஸில் கொடுத்து முடுக்கிக்கொண்டிருந்தவர், மறுமுனை சரியவும் கைப்பிடியை விட்டுவிட்டு அதைத் தாங்கினார். சரிந்த வேகத்தில் இடது கை ஆள்காட்டி விரல் சட்டத்துக்கும் தாடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வலது கையை எடுத்தால் கேட் விழும். விழுந்தால் விரலைத் திருகிக்கொண்டு விழும்.

"மாப்பிள்ளை, கழட்டுங்க" என்று கத்தினார்.

மாப்பிள்ளை ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்தார். வலது பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. பாவி மனுஷன் சொல்லவில்லை. விரல் இரும்புக்குள் இருக்க, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் கையையே பார்த்தார். எந்தப் பக்கம் திருப்புகிறான், பார்த்துவிடலாம்.

மாப்பிள்ளை உலகத்தில் எந்த வைஸையும் கழட்டுகிற பக்கம் பலமாகத் திருப்பினார். தாடை இன்னும் இறுகி நகம் பிளந்தது.

"வலது பக்கம், வலது பக்கம்" என்று அலறியபோது அவருக்கு உயிர் போனது நிஜம். ஆனால் அந்த வலியிலும் நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கியதும் நிஜம். இவன் இதைத் தொட்டதே இல்லை. தங்கச்சி வீட்டுக்கு வருவாள்.

மாப்பிள்ளை மறுபக்கம் திருப்பி, வெளியே வந்த அவர் விரலில் துணியைச் சுற்றினார்.

"மரை தலைகீழா இருக்கே மச்சான்."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியும்ல?"

"நான்தானே செஞ்சேன்."

"அப்புறம் ஏன் நான் கைப்பிடியைத் தொட்டப்பவே சொல்லல?"

இவர் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். மாப்பிள்ளை வைஸைப் பார்த்தார். அடியில் தினமும் காலையில் விழுந்து கிடக்கிற காகிதத் துண்டைப் பார்த்தார். பேசாத ஆளுக்கு யோசிக்க நேரம் அதிகம்.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு விடிந்ததுமே பட்டறைக்குப் போனார். முந்தின சாயங்காலம் கடிக்கவிட்ட காகிதம் அப்படியே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அச்சுக்கூடம். அங்கே மெஷின் ஓட ஆரம்பித்ததும், சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சும் சேர்ந்து நடுங்கியது. கனமான கைப்பிடி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. திருகுக் கம்பிக்கு இவர் வெட்டின நட்டு லொடலொட என்று இருந்திருக்கிறது. காகிதம் அவர் கண்ணெதிரேயே நழுவி விழுந்தது.

மாப்பிள்ளை வந்ததும் வராததுமாக இவர் சொன்னார். "அது அச்சு மெஷின் அதிர்றதுல தானா கழண்டிருக்கு மாப்பிள்ளை. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

"அப்படியா மச்சான்" என்றார் மாப்பிள்ளை. கேட் வேலையை முடித்தார். அளவு ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை அரங்களைத் துடைத்துத் தன் பெட்டியில் வைத்தார். இத்தனை வருஷமாகத் திறந்தே கிடந்த பெட்டி அது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பூட்டை எடுத்துப் பூட்டினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து அதை ஒருதடவை இழுத்துப் பார்த்தார்.