கண்ணாடியில் பட்ட பால்

போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம், கீரிப்பாறையில் எங்கள் சர்ச் மைதானத்தில் நடந்தது இது. நான் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள். வானத்தைப் பற்றிப் படித்ததெல்லாம் செல்போனில்தான். என் கிறுக்கு தெரிந்து, வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பி லீவுக்கு வரும்போது ஒரு தொலைநோக்கியே வாங்கி வந்துவிட்டான்! வடக்கே, சப்தரிஷி மண்டலத்துக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரியுமாம் ஒரு கேலக்ஸி. அதை இருவரும் சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் சாயங்காலம் ஆனாலே மலைமேல் மேகம், மழை. லீவும் தீர்ந்தது. மறுநாள் அவனுக்கு விமானம்.

அந்தக் கடைசி நாளில்தான் வானம் தெளிந்தது. இருட்டியதும் மைதானத்துக்கு ஓடினோம். தொலைநோக்கிக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தம்பி, "அக்கா, இங்ஙனதான் இருக்கணும், பாரு" என்றான். நாலைந்து நட்சத்திரம், நடுவே வெளுப்பாக ஒரு திட்டு. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பால்வெட்டுகிறவள் விரலில் ஒட்டுப்பால் எப்போதும் காய்ந்து கிடக்கும், தொட்டதிலெல்லாம் அப்பும்.

"லேய், கண்ணாடியில பாலு பட்டுட்டு" என்று முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. மறுபடியும் துடைத்தேன்.

"தொடாத அக்கா, கீறிப்போவும்!" என்று அவன் கத்தினான்.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு மதினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏலே, நீ அக்காளுக்கு வாங்கினது தொலைநோக்கியா, பால் வடிகட்டுற அரிப்பா?"

மலைப்பக்கம் மேகம் வேறு ஏறிக்கொண்டிருந்தது. நான் விடாமல் கண்ணை வைத்தேன். குழாய் அசையவில்லை, நட்சத்திரங்கள் மட்டும் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தன. திட்டும் கூடவே நகர்ந்தது! கண்ணாடியில் ஒட்டியதென்றால் ஒரே இடத்தில்தானே நிற்கும்?

"லேய், இது பாலு இல்லலே! அதாக்கும்! அதேதான்!"

தம்பி என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் பார்த்தான். "மக்கா..." என்று கூவிவிட்டான். "இந்தத் துளி வெளிச்சத்துக்கா இவ்வளவு கூத்து?" என்று குனிந்த மதினியைப் பிடித்து இழுத்துத்தான் விலக்க வேண்டியிருந்தது. அப்புறம் மேகம் மூடிவிட்டது. உலகத்துக்கு அதை முதலில் கண்டு சொன்னவர் யாரோ. அன்றைக்கு எங்கள் மைதானத்தில் கண்டுபிடித்தது நான்!

மறுநாள் தம்பி விமானம் ஏறினான். வழக்கமாக நாலு நாள் சோறு இறங்காது எனக்கு. இந்தத் தடவை இறங்கியது. ஒரு கோடி வருடத்துக்கு மேல் வழி வந்த வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்தவளுக்கு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி அப்படியொன்றும் தூரத்தில் இல்லை என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.