கல்வட்டத்தில் முதலடி

என் மகளுக்கு ஒன்றரை வயதாகியும் நடை வரவில்லை. சுவரைப் பிடித்து நிற்பாள். கையை எடுத்தால் உட்கார்ந்துவிடுவாள். பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் செம்பாக்கத்து ஃப்ளாட்டின் வழுக்கும் டைல்ஸ் காரணமா, நான் இறக்கிவிடாமல் தூக்கியே வைத்திருந்ததா என்று தினமும் ஏதாவது ஒன்றுக்காக என்னையே குறை சொல்லிக்கொள்வேன்.

மண்தரை தேடித்தான் குன்றடியில் உள்ள அந்தப் பொட்டலுக்குப் போக ஆரம்பித்தோம். அங்கே பாதி புதைந்த பாறைகள் வட்டமாகக் கிடக்கும். அவள் பிடித்து நிற்க அளவான உயரம். இரும்புக் காலத்து ஈமச்சின்னம் என்கிறது துருவேறிய பலகை. இறந்தவர்களைப் புதைத்துச் சுற்றிலும் கல் வைத்த இடம். மாமியாரிடம் ‘கிரவுண்ட்’ என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

நாகரிகத்தின் தொடக்கம் என்றால் ஆற்றங்கரை, செங்கல் தெரு என்று பரீட்சையில் எழுதியவள் நான். இங்கே வாழ்ந்தவர்களின் வீடு எதுவும் மிஞ்சவில்லை. பேசிய மொழி என்னவென்று தெரியவில்லை. இருப்பது இந்தக் கற்கள்தான். அவற்றில் ஒன்றைக்கூட ஓர் ஆள் தூக்கிவிட முடியாது. ஒரு சாவுக்குக் கூப்பிட்டால் வர அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஒருநாள் ஆடு ஓட்டிவந்த அக்கா ஒருவர் நின்று சத்தம் போட்டார்.

“இன்னாம்மா, உனக்கு வேற எடமே கெடைக்கலியா? பொணம் பொதச்ச எடத்துல புள்ளய வுட்டுகினு கீற!”

“அதெல்லாம் ரொம்பப் பழசுக்கா. ஆயிரக்கணக்கான வருஷம்...”

“பழசானா பொணம் இல்லன்னு ஆயிடுமா? அய்ய, அங்க பாரு, உன் புள்ள நடக்குது!”

திரும்பினேன். இந்தக் கல்லை விட்டவள் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாதக்கணக்கில் கண்கொட்டாமல் காத்திருந்த நான், வாதம் செய்துகொண்டிருந்த நேரத்தில் அதைத் தவறவிட்டேன்.

முதலடி வைத்தால் கொழுக்கட்டை செய்வது எங்கள் வீட்டு வழக்கம். வீட்டுக்கு வந்து அவள் நடந்ததைச் சொன்னதும் மாமியார் உடனே அரிசி மாவை எடுத்தார். “எங்க நடந்தா?” என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். மாவு டப்பாவை மூடிவிட்டார்.

“சுடுகாட்டுல வெச்ச அடிக்கா கொழுக்கட்டை? வீட்ல நடக்கட்டும்.”

வீட்டில் அவள் தவழ்ந்தாள். மறுநாளும் தவழ்ந்தாள். அன்று அவள் நடந்ததே நிஜம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

சாயங்காலம் மாமியாரே செருப்பை மாட்டிக்கொண்டார். “வா, காட்டு.”

கல்வட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டார். “நான் உள்ள வரமாட்டேன். நீ கையை விடு. அவ வரட்டும்.”

விட்டேன். தள்ளாடி நின்றாள். பிடிக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே நடந்து வெளியே வந்து, பாட்டியின் புடவையைப் பற்றிக்கொண்டாள்.

மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு, கற்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இவ்ளோ பெரிய கல்லு. யாருக்காகவோ ரொம்பத்தான் கஷ்டப்பட்டிருக்காங்க, இல்ல?”

“ஆமாம்மா.”

“சரி, போனதும் மூணு பேரும் தலைக்குக் குளிக்கணும். அப்புறம் மாவு கிளறலாம்.”

தண்ணீர் லாரி வந்திருக்குமா என்று யோசித்தபடி பின்னால் நடந்தேன். பாட்டியின் இடுப்பில் இருந்தவளோ, கீழே இறக்கிவிடச் சொல்லிக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.