தணலில் விட்ட பைன் எண்ணெய்

வாசனை விற்கிற தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: வாங்க வருகிறவர்கள் மூக்கைக் கொண்டுவருவார்கள், காதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். கடையில் நின்று எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேதியியல் முடித்த கையோடு தி. நகரில் ஒரு சின்ன நறுமண எண்ணெய்க் கடையில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். சைதாப்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க அதைக் ‘கம்பெனி வேலை’ என்றே நம்பியது. ஆனால் முதலாளி பாய், “கொஞ்ச நாள் பார்ப்போம்மா” என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். வேலை உறுதியானவர்களுக்கு வெளிர்பச்சையில் ஒரு கோட் தைத்துக் கொடுப்பார்கள். நான் சுடிதாரோடு நின்றுகொண்டிருந்தேன். எப்போது அனுப்பிவிடுவார்களோ என்று தினமும் பயம்.

ரேவதி அக்கா சொன்னது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் கண்ணால் பார்த்ததல்ல. எனக்கு முன்பிருந்தே கடையில் இருந்த ரேவதி அக்கா சொல்லிக் கேட்டது. பைன் மரத்து ஊசியிலைகளிலிருந்து வடிக்கிற எண்ணெய் எங்கள் கடையில் நன்றாகப் போகும். மந்தைவெளியில் யாரோ ஒருவர் அதை வாங்கிப்போய், வீடெல்லாம் மணக்கட்டும் என்று சாம்பிராணித் தணலில் நேராக விட்டாராம். புகை வரவில்லை. குப்பென்று நெருப்புதான் வந்தது. குனிந்து ஊதிக்கொண்டிருந்தவருக்குப் புருவம் போயிற்று.

அன்றிலிருந்து பைன் எண்ணெய் கேட்டு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லித்தான் பாட்டிலைக் கொடுப்பேன். கூடவே, குடிக்கக் கூடாது, அப்படியே தோலில் தடவக் கூடாது, கண்ணில் படக் கூடாது என்று அடுக்குவேன். கதையில் நான் தணலுக்கு வரும்போதெல்லாம் கல்லாவில் இருக்கிற பாய் இடது புருவத்தைத் தேய்த்துக்கொண்டு, “போதும்மா, பில்லு போடு” என்பார். ரேவதி அக்காவுக்குச் சிரிப்பு. “நீ இன்னா இப்டி பயமுறுத்திகினு கீற? வந்தவங்க வாசல்லயே செருப்ப மாட்டிகினு ஓடப்போறாங்க.”

கொடைக்கானல்

பைன் எண்ணெயை மோந்தவுடன் சென்னைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வது, “தரை தொடைக்கிற வாசனை வருதே.” அவர்கள் மேல் தப்பில்லை. இந்த ஊரில் ஊசியிலைக் காடு ஏது? அந்த வாசனை இங்கே பக்கெட்டில்தான் வந்து சேர்ந்தது.

ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமா மோந்து பார்க்கிற காகிதப் பட்டையை வாங்கி மூக்கருகே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவேயில்லை. “கொடைக்கானல்” என்றார் மெதுவாக. “கல்யாணமான புதுசுல போனோமே, அந்த பைன் காடு. அப்படியே இருக்கு.” அந்த நேரத்திலும் நான் கடமையை விடவில்லை: யாருக்காவது இழுப்பு உண்டா, வீட்டில் பூனை உண்டா, இரண்டுக்கும் இது ஆகாதே என்று கேட்டேன். இல்லை என்றார்கள். ஆவியாக்கும் கருவியில் தண்ணீர் விட்டு மூன்று சொட்டு போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும், அரைமணியில் அணைத்துவிடுங்கள் என்றேன். மாமி பர்ஸைத் திறந்து பணத்தை எடுத்தபடியே சொன்னார்: “ஏன்னா, கொடைக்கானல்ல இருந்த அத்தனை நாளும் உங்களுக்கு மூக்கடைப்பு. நாந்தான் மோந்து மோந்து சொல்லிண்டு வந்தேன்.”

பக்கெட்

கே.கே. நகரில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அண்ணன் ஒருவர், தோள்வலிக்கு என்று வாங்கினார். ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு, முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் பாருங்கள், எரிந்தால் விட்டுவிடுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

அடுத்த வாரம் வந்தவரின் கழுத்தும் தோளும் சிவந்திருந்தன. ஒரு பக்கெட் வெந்நீரில் ஒரு மூடி ஊற்றிக் குளித்திருக்கிறார். எண்ணெய் தண்ணீரோடு சேராமல் மேலாக மிதந்து, முதல் சொம்பிலேயே மொத்தமாகத் தோளில் இறங்கிவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்துக் கைகட்டி நின்றேன். அவரோ கோபமே இல்லாமல் சொன்னார்: “நீ சொன்னத எல்லாத்தையும் கேட்டேன் தங்கச்சி, தேங்கா எண்ணெய மட்டும் விட்டுட்டேன்.”

அடையாறு அம்மா

பயந்தது அதற்கப்புறம்தான் வந்தது. அடையாறிலிருந்து ஓர் இளம் தாய், இடுப்பில் சளிபிடித்த கைக்குழந்தையோடு வந்தார். குழந்தைக்குத் தலை குளிப்பாட்டிவிட்டு சாம்பிராணி போடும்போது நாலு சொட்டு பைன் எண்ணெய் விட்டால் சளி கரையும் என்று யாரோ சொன்னார்களாம். இரண்டு பாட்டில் கேட்டார். கையில் எடுத்த பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். கைக்குழந்தைக்கு இந்தக் காரம் ஆகாது, மூச்சு முட்டலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். மந்தைவெளிப் புருவத்தையும் சொன்னேன். அவர் முகம் சிவந்து, வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டார். ரேவதி அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் அவருடைய கணவர் வந்தார். என்னைப் பார்க்காமல் நேரே கல்லாவுக்குப் போனார். “உங்க கடைப்பொண்ணு விக்க நிக்குதா, வெரட்ட நிக்குதா?” நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வது, தெருவில் என்ன சொல்வது என்றுதான் மனசு ஓடியது. பாய் இடது புருவத்தைத் தேய்த்தார். “அது சொன்னது சரிதான் சார். குழந்தை இருக்கிற வீட்டுக்கு நானும் குடுக்கமாட்டேன்” என்றார். வந்தவர் போனதும், பாய் என் பக்கம் திரும்பாமலே குரல் கொடுத்தார்: “ரேவதி, டெய்லர் வந்தா இந்தப் பொண்ணுக்கும் அளவு எடுக்கச் சொல்லு.”

ராயப்பேட்டை

இப்போது நான் கிண்டியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். அங்கே வாசனை வராதபடி முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வேலை. கடையிலிருந்து எண்ணெய் மணத்தோடு வீட்டுக்குப் போனதும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்ததும் நினைவுக்கு வந்தால் ஏக்கமாக இருக்கிறது. பாயும் கடையை மூடிவிட்டார்.

போன ரம்ஜானுக்கு ராயப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவர் மனைவி சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்தார். நான் பழக்க தோஷத்தில் மந்தைவெளிக் கதையை ஆரம்பித்தேன். “மந்தைவெளியா?” என்று அந்த அம்மா கேட்டார். “இந்த ஹால்லதாம்மா. கடை தொறந்த புதுசு, எந்த எண்ணெய் எப்படி மணக்குதுன்னு தணல்ல விட்டுப் பாத்தாரு. அப்பதான் தொட்டில்லேர்ந்து புள்ளைய உள்ள தூக்கிட்டுப் போனேன். ஒரு நிமிஷம் முந்தி பத்தியிருந்தா...” பாய் கிண்ணத்திலிருந்த சேமியாவையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “கஸ்டமர் பேர்ல சொன்னாதாம்மா கஸ்டமர் கேப்பாங்க.”

நான் எதையும் சரிபார்க்காமல் விடுகிறவள் இல்லை என்பதால் விடைபெறும்போது கிட்டத்தில் நின்று பார்த்துவிட்டேன்: இடது புருவத்தின் நுனியில் இன்னும் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, என் பச்சைக் கோட் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது.