மங்களம் வாசிக்காமல் நின்ற கச்சேரி

தனலெட்சுமிக்கு இடது காது கேட்காது. கல்யாணமான மூன்றாம் வருஷம், குழம்பில் உப்புக் கூடிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, புருஷன் கன்னையா விட்ட அறையில் போன காது அது. இடது கை நடுவிரல் மடங்காது. அது கதவிடுக்கில் வைத்து நசுக்கியது. முதல் பிள்ளை நாலாம் மாதம் கலைந்தது. இரண்டாவது ஏழாம் மாதம் செத்துப் பிறந்தது. இரண்டுக்கும் காரணம் ஒரே கால். இதையெல்லாம் எடுத்த எடுப்பிலேயே ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அவள் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு, "பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது" என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது. அதற்காகத்தான்.

கன்னையா ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவன். பழுத்த இரும்பை நடுவில் வைத்து இரண்டு பேர் மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவன் அரை விநாடி பிந்தினால் அடுத்தவன் கை போய்விடும். கன்னையாவோடு நின்று அடித்தவன் எவனுக்கும் கை போனதில்லை. கள்ளுக்கடையில் அவனோடு நின்றவர்களுக்குத்தான் பல் போனது, மூக்கு போனது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கே மண்டை உடைந்தாலும் போலீஸ்காரர் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். அப்படிப்பட்டவனுக்குத் தாளம் மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அப்பன் ஊர்க்கோயில் மேளத்தில் தாளம் போட்டவர். பஜனையில் கன்னையா ஜால்ராவை எடுத்தால் குடிவெறியில் இருந்தாலும் தப்பாது. "கன்னையா கை தப்பவே தப்பாது" என்று பட்டறை ஆட்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் மெச்சுவார்கள். தனலெட்சுமியைக் கேட்டிருந்தால் அவளும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் ஆபீசில் கணக்கெழுதும் இராமலிங்கம் கிராணியும் அவர் கூட்டாளிகளும் ஒரு சபை வைத்தார்கள். மாரியம்மன் கோயில் பக்கத்துத் திடலில் பந்தல் போட்டு, ஐந்து சனிக்கிழமை, ஐந்து கச்சேரி. முதலும் கடைசியும் நாகஸ்வரம், நடுவில் பாட்டு, பிடில், வீணை. எல்லோரும் தஞ்சாவூர்ப் பக்கத்து வித்வான்கள், கப்பலேறி வந்தவர்கள். நாகஸ்வரக்காரரோடு வந்த தாளக்காரனுக்குக் கப்பலிலேயே காய்ச்சல் கண்டு, அவனைத் துறைமுகத்தில் தனியாக நிறுத்திவைத்துவிட்டார்கள். கிராணி கன்னையாவைத் தேடி லயத்துக்கே வந்துவிட்டார்.

பூசாரி பக்கிரிசாமி அதில் ஒரு நிபந்தனை போட்டார். "அம்மன் மேடையில ஏறுறவன் காப்புக் கட்டிக்கணும். கடைசிக் கச்சேரியில மங்களம் வாசிச்சு, நான் அறுக்குற வரைக்கும் கள்ளு கூடாது, கவுச்சி கூடாது, ஒரு உசிரு மேல கை ஓங்கக் கூடாது. முடியுமாடா?"

கன்னையா தலையைச் சொறிந்தான். ஆனால் கோலாலம்பூரே பார்க்க வித்வான் பக்கத்தில் உட்காருவது சும்மாவா? சரி என்றுவிட்டான். வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்த நூலைக் கட்டிவிட்டார் பூசாரி.

அவன் உலகத்தில் எவனுக்கும் பயந்தவன் இல்லை, மாரியாத்தா ஒருத்தியைத் தவிர. ஊரில் அவன் அண்ணன் காப்புக் கட்டியிருந்தபோது ஒருவனைச் செருப்பால் அடித்தான். அதே வாரம் அம்மை போட்டது. இரண்டு கண்ணும் போய், ஒன்பதாம் நாள் செத்தான். அந்தக் கண்களைப் பன்னிரண்டு வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவன் கன்னையா.

திங்கட்கிழமை சோறு குழைந்துவிட்டது. கன்னையா கையை ஓங்கினான். தனலெட்சுமி வழக்கம்போல் வயிற்றை மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றாள். வயிற்றில் மூன்றாவது, நாலு மாதம். அடி விழவில்லை. திரும்பிப் பார்த்தால், ஓங்கின கை அந்தரத்தில் நிற்கிறது, அவன் மஞ்சள் நூலையே முறைத்துக்கொண்டிருக்கிறான். உடனே கோயிலுக்கு ஓடினான்.

"கையிலதானே சாமி கட்டினீங்க? காலு?"

"காப்பு ஆளுக்குடா. கையும் காலும் இப்ப ஆத்தாளோடது."

திரும்பி வந்தவன் தண்ணீர்ப் பானையை உதைத்து உடைத்தான். பட்டறையில் அன்றைக்கு அடித்த அடியில் சம்மட்டிக் காம்பு முறிந்ததாம். ஆத்திரம் எங்கே போகும்? சாயங்காலம் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, பலகைச் சுவரில் ஒரு கோடு கிழித்தான்.

"இது எதுக்குங்க?"

"சோறு கொழஞ்சதுக்கு. காப்பு அறுக்குற அன்னைக்கு எண்ணிப் பார்ப்பேன். ஒரு கோட்டுக்கு ஒரு அடி."

அதிலிருந்து தினம் ஒன்று, இரண்டு. கூப்பிட்டது காதில் விழாததற்கு ஒரு கோடு. கேட்காத காதில் கூப்பிட்டால் எப்படி விழும்? அதைச் சொன்னதற்கு இன்னொன்று.

சனிக்கிழமைகளில் தனலெட்சுமி பக்கத்து வீட்டு உர்சுலாவோடு கச்சேரிக்குப் போனாள். உர்சுலா மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, அம்மன் கோயில் வாசலுக்கே வராதவள். கச்சேரி திடலில்தானே என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு வந்துவிடுவாள், கையில் ஒரு கோலி சோடாவோடு. பெண்கள் பாயில் நல்ல காது மேடைப் பக்கம் இருக்கும்படி தனலெட்சுமி உட்காருவாள். ராகம் தாளம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது வாரம், பிடில்காரர் மெதுவாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாழிகையாகத் தான் எவன் கையையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அழுதாள். புகை கண்ணில் பட்டுவிட்டதாக உர்சுலாவிடம் சொன்னாள்.

அதே மூன்றாவது வாரம் பந்தலில் ரகளையும் நடந்தது. துறைமுகம் இருக்கும் கிள்ளானிலிருந்து தம்புசாமி என்பவர் தன் ஆட்களோடு வந்திருந்தார். கப்பல் வந்து நின்றது தங்கள் பக்கம். ஆகவே வித்வான்களுக்கு முதல் மாலை தாங்கள்தான் போட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. முன்வரிசை நாற்காலிக்காக ஆரம்பித்த பேச்சு நாற்காலிக் காலைப் பிடுங்கி அடித்துக்கொள்வதில் முடிந்தது. இரண்டு மண்டை, ஒரு தோள்பட்டை. பிடில் வித்வான் உறைக்குள் பிடிலைப் போட்டு மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னையா மேடை ஓரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, காப்புக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். கடைசிக் கச்சேரிக்கு நாற்பது பேரோடு வருவதாகத் தம்புசாமி சொல்லிவிட்டுப் போனார்.

கடைசிச் சனிக்கிழமை காலை கன்னையா சுவரை எண்ணினான்.

"முப்பத்தெட்டு. சாயங்காலம் கச்சேரி முடிஞ்சு வந்து தீர்த்துடுறேன்." அவள் வயிற்றைப் பார்த்தான். "அதுவும் கூட எண்ணட்டும்."

எங்கே ஓடுவது? மேருத் தோட்டத்தில் இருக்கும் அப்பா ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டுவண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பியவர். கன்னிமாஸ்திரீகள் மடத்துக்குப் போகலாம் வா என்றாள் உர்சுலா. போன வருஷம் அந்த மடத்து வாசலிலிருந்துதான் தனலெட்சுமியைக் கன்னையா மயிரைப் பிடித்துத் தெருவோடு இழுத்து வந்தான். பிள்ளை பிழைக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கோயிலுக்குப் போனாள். திருநீறு வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் கேட்கிறவள் போலக் கேட்டாள்: "சாமி, மங்களம் வாசிக்கலைன்னா என்ன ஆகும்?"

"வாசிக்காம எப்படிம்மா? மங்களம் ஆகாம காப்பு அறுக்கக் கூடாது. அறுத்தா கட்டினவனுக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது."

அவ்வளவுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சாயங்காலம் பந்தல் நிரம்பி வழிந்தது. தம்புசாமி சொன்னபடி நாற்பது பேரோடு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். வித்வான் அன்றைக்கு வாசித்த வாசிப்பைப் பற்றி லயத்தில் பிறகு வருஷக்கணக்கில் பேசினார்கள். தவில்காரர் பின்னிய பின்னலுக்கெல்லாம் கன்னையா கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டான். ஒரு இடத்தில் வித்வானே திரும்பி "பலே" என்றார். கன்னையா முகம் மலர்ந்துபோனது. அந்த முகத்தைப் பார்த்தால், இவனா கதவிடுக்கில் விரலை வைத்தான் என்று தோன்றும். இவன்தான்.

துக்கடாக்கள் முடிந்தன, மங்களம் ஒன்றுதான் பாக்கி. வித்வான் நாகஸ்வரத்தின் சீவாளியை மாற்றிக்கொண்டு, துண்டால் வாயைத் துடைத்தார். பூசாரி தாம்பாளத்தோடு மேடையோரம் வந்து நின்றார். தாம்பாளத்தில் சூடம், தேங்காய், ஒரு சின்னக் கத்தி. கன்னையா பெண்கள் பாயைத் தேடினான். தனலெட்சுமியைக் கண்டுபிடித்து, காப்புக் கையை லேசாக நீட்டிக் காட்டிச் சிரித்தான்.

உர்சுலா அப்போதுதான் சோடாவைக் குடித்து முடித்திருந்தாள். தனலெட்சுமி அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள். மேருத் தோட்டத்தில் பன்னிரண்டு வயதிலிருந்து கல்லெறிந்து குரங்கு விரட்டிய கை அது. எழுந்து நின்று, ஒரே வீச்சு.

பாட்டில் தம்புசாமியின் நெற்றியில் போய் விழுந்தது. அவர் நாற்காலியோடு மல்லாந்தார். அந்த மனுஷர் மேல் அவளுக்கு ஒரு பகையும் கிடையாது. அவர் செய்த பாவம், பெரிய தலையோடு முன்வரிசையில் உட்கார்ந்ததுதான்.

"பிரிக்பீல்ட்ஸ்காரன் அடிச்சிட்டான்டா!" என்று கிள்ளான் கூட்டம் கத்தியது.

பிறகு எவன் எவனை அடித்தான் என்று எந்தச் சாட்சியாலும் சொல்ல முடியவில்லை. பந்தல் மூங்கிலைப் பிடுங்கினார்கள். வாழைமரத்தைச் சாய்த்தார்கள். கிராணியின் கண்ணாடி உடைந்து கன்னத்தில் ஏறியது. தவிலின் தோலில் ஒருவன் கால் போய் மாட்டிக்கொண்டது. வித்வான் நாகஸ்வரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கம் குதித்து ஓடினார். பூசாரியின் தாம்பாளம் யார் தலையிலோ விழுந்தது. கிள்ளான்காரர்கள் மேடையேறினார்கள். மேடையில் நின்றது கன்னையா. அவனைத் தெரியாத ஆள் உண்டா? கள்ளுக்கடையில் பல்லைக் கொடுத்தவர்களே அந்த நாற்பதில் ஆறேழு பேர் இருந்தார்கள்.

முதல் அடிக்குக் கன்னையாவின் கை தானாக மேலே போனது. பாதியில் நூலைப் பார்த்தான். இறக்கிக்கொண்டான். அடிக்கிறவர்களுக்கே ஆச்சரியம், ஆனால் ஆச்சரியத்துக்காக எவனும் அடியை நிறுத்தவில்லை. மூங்கில் தோளில் இறங்கியது. முன்பல் இரண்டும் தெறித்தன. விழுந்தவனை விலாவில் உதைத்தார்கள். ஜால்ரா இரண்டும் கையில் இருந்தபடியே கிடந்தான்.

தனலெட்சுமி பாயில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கம் வந்ததா என்றால், வந்தது. முதல் நாலு அடிக்கு வரவில்லை, ஐந்தாவதுக்கு வந்தது. போலீஸ் விசில் கேட்கும்வரை அவள் நகரவில்லை.

மறுநாளே வித்வான் துறைமுகத்துக்குப் போய்விட்டார். மங்களம் வாசிக்கவே இல்லை.

கன்னையாவைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். மூன்றாம் நாள்தான் வாய் திறந்தது. "பாட்டில்... நீதான். மேடையிலிருந்து பார்த்தேன்டி."

"பார்த்தீங்களா? சரி, கஞ்சியைக் குடிங்க."

அவன் சுவரைப் பிடித்து எழுந்து கரியை எடுத்து, எட்டினமட்டும் உச்சியிலிருந்து தரைவரை ஒரு கோடு இழுத்தான். "அடுத்த வருஷம் கச்சேரி வரும்லா. அன்னைக்கு அறுப்பாங்க."

"வரட்டும்ங்க. அதுக்குள்ள புள்ள பொறந்துரும்."

பிறந்தது. பெண். லயத்துக் கடைசி வீடு வரைக்கும் கேட்கும்படி கத்தியது. தனலெட்சுமி நல்ல காதைக் குழந்தையின் வாயருகே வைத்துக் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

அடுத்த வருஷம் கச்சேரி வரவில்லை. ரப்பர் விலை விழுந்தது, பட்டறையில் ஆள் குறைத்தார்கள், சபை வைத்த கிராணிகளுக்கே வேலை போனது. வேலை போனவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். காப்பு நூல் நைந்துபோனால் தனலெட்சுமி புதுநூலில் மஞ்சள் தடவி எடுத்துவருவாள். மங்களம் ஆகாமல் அது தானாக அறுந்தால் என்ன ஆகுமோ என்று கன்னையாவே கையை நீட்டுவான். கட்டி முடித்ததும் சுவரில் ஒரு கோடு போடுவான்.

பூசாரி பக்கிரிசாமியும் ஊருக்குக் கிளம்பினார். செய்தி கேட்டுக் கன்னையா ஸ்டேஷனுக்கு ஓடினான்.

"சாமி, அறுத்துட்டுப் போங்க!"

"மங்களம் ஆகலையேடா. நான் எப்படி அறுப்பேன்?" என்றார் அவர், ரயில் ஜன்னலிலிருந்து. ரயில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தவன் நேராக அடுப்படிக்குப் போய்க் கரியை எடுத்தான். சுவரில் இடம் இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கோடு. கரியும் கையுமாக இடம் தேடிக்கொண்டு நின்றான்.

தனலெட்சுமி குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். துணியைத் தண்ணீரில் நனைத்து, அவன் கண்ணெதிரிலேயே சுவரை மேலிருந்து கீழாகத் துடைத்தாள். ஒரு வருஷத்துக் கோடும் கறுப்புத் தண்ணீராகப் பலகையில் வழிந்தது. அவன் கை ஓங்கியது, நின்றது.

அவள் துணியைப் பிழிந்தாள்.

"இப்ப இடம் இருக்குங்க. மொதல்லருந்து போடுங்க."